முப்பத்தெட்டாம் நம்பர்

ஆல்வின் போன பதினெட்டாம் நாள், ஜூலை ஒன்றாம் தேதி, அவனைப் பெற்ற சவுரியம்மாள் ஃபேக்டரிக்குக் கிளம்பிவிட்டாள். டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம், கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை. ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ் நிற்கும் முனைக்கு எப்போதும் போல் நடந்து போனாள். தெருக்குழாயில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே பார்த்தார்கள். ஒரே மகன். முப்பது வயது. மாதனூர் தாண்டி ஹைவேயில் லாரி அடித்து மண்ணுக்குள் போய் மூன்று வாரம் ஆகவில்லை.

"கல்லு மனசு அந்தம்மாவுக்கு" என்று தெரு தீர்ப்புச் சொல்லிவிட்டது. நம் தெருக்களுக்குத் தீர்ப்புச் சொல்ல வக்கீல் வாதாட வேண்டியதில்லை.

மருமகள் மெர்சிக்கும் ஒரு தீர்ப்பு வைத்திருந்தார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம் நிறையவில்லை, பெட்டியைக் குழியில் இறக்கும்போதுகூட அவள் அழவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் முதுகைத் தடவி, தோளை உலுக்கி, "அழுதுடு மெர்சி, உள்ள வெச்சுக்காத" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். அவளுக்கு வரவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப் போகுமே, அந்த மாதிரி இருந்தது. வலிக்க வேண்டும் என்று தெரிகிறது, வலிக்கவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், துணி துவைத்தாள். ஆல்வினின் சட்டைகளையும் துவைத்து மடித்து வைத்தாள். அதுவும் ஒரு வேலையாகத்தான் இருந்தது.

மூன்று பேரும் ஆம்பூர் பக்கத்தில் ஒரே ஷூ ஃபேக்டரியில், ஒரே கட்டிங் ஹாலில் இருந்தவர்கள். ஆல்வின் தோல் வெட்டுகிற கட்டர். மாமியாரும் மருமகளும் வெட்டி வருகிற துண்டுகளைப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற செக்கிங் டேபிளில். பூச்சி கடித்த வடு, கீறல், நிறம் ஒத்துப்போகாதது எல்லாம் ரிஜெக்ட். எவன் வெட்டினானோ அவனுடைய டோக்கன் நம்பர் ஒவ்வொரு துண்டின் உள்பக்கத்திலும் குத்தியிருக்கும். ரிஜெக்ட் ஆனால் துண்டு நம்பரைத் தேடிக்கொண்டு திரும்பிப் போகும், அவனே மறுபடி வெட்ட வேண்டும்.

அந்த ஹாலில் யாருக்கும் பேர் கிடையாது. நம்பர்தான் ஆள். "முப்பத்தேழு லீவா?", "முப்பத்தெட்டை மேனேஜர் கூப்புடறாரு" என்றுதான் பேச்சு. முப்பத்தெட்டு ஆல்வின். அவன் துண்டுகள் பெரும்பாலும் அம்மாவின் டேபிளுக்குத்தான் போகும். மற்றவர்கள் வெட்டியதை ஒரு தடவை பார்க்கிற சவுரியம்மாள் மகன் வெட்டியதை இரண்டு தடவை திருப்பிப் பார்ப்பாள். மகனுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று ஒரு வார்த்தை வந்துவிடக்கூடாதாம். ஆல்வின் வீட்டில் வந்து புலம்புவான். "எங்கம்மா டேபிள் தாண்டறதும் ஒண்ணு, பாலாத்துல தண்ணி வர்றதும் ஒண்ணு" என்பான்.

வேலைக்குத் திரும்பிய அந்த முதல் நாள் ராத்திரி, தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே சவுரியம்மாள் சொன்னாள்.

"முப்பத்தெட்டைப் புது ஆளுக்குக் குட்த்துட்டாங்க. ஒடுகத்தூராம். பேரு கோபி."

மெர்சி நிமிர்ந்து பார்த்தாள். மாமியாரின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, "அப்பளம் வேணுமா?" என்றாள். ஃபேக்டரியில் நம்பர் காலியானால் அடுத்து வருகிறவனுக்குப் போகும், அது வழக்கம். ஆனால் அதை இந்த மனுஷி ரசத்தோடு சேர்த்துப் பரிமாறியதை மெர்சி மனசில் குறித்து வைத்துக்கொண்டாள். அடுத்த ஐந்து மாதத்தில் அவளிடம் மிச்சமிருந்த உணர்ச்சி என்று ஒன்று இருந்தால் அது இந்தக் கசப்புதான். அதையும் அவள் வளர்க்கவில்லை. வைத்த இடத்தில் கிடந்தது.

மெர்சி வேலைக்குத் திரும்பவில்லை. அவள் டேபிளில் நின்றால் நேர் எதிரே ஆல்வினின் மெஷின். ஹெச்.ஆர். மேடம் நல்லவர். "டிசம்பர் ஒண்ணாம் தேதி வரைக்கும் உங்க எடத்தை வெச்சிருக்கேன் மெர்சி. அன்னைக்கு வரலன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க, என் கையில இல்ல" என்று போனில் சொன்னார். சரி என்றாள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, வேலூரில் பெண்களுக்கு இலவசமாகக் கம்ப்யூட்டர் கோர்ஸ் நடக்கிறது, ஐந்து மாதம், போகிறாயா என்று சர்ச் அறிவிப்புத் தாளை ஒருத்தி கொடுத்தாள். அதற்கும் சரி என்றாள். யார் எதைக் கேட்டாலும் சரி சொல்கிற காலம் அது.

காட்பாடி ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் வகுப்பு. இருபத்திரண்டு பேர். சொல்லிக்கொடுத்தவள் ஃபிர்தௌஸ், மெர்சியைவிட இரண்டு வயது சின்னவள். மெர்சி அவளை மேடம் என்பாள், அவள் மெர்சியை அக்கா என்பாள். கோர்ஸ் முடிவில் ஆளுக்கொரு வெப்சைட் செய்து காட்ட வேண்டும். வேலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்த்து ஐந்து பேரை வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். அந்த நாள் நவம்பர் இருபத்தொன்பது, சனிக்கிழமை. மறுநாள் விட்டுத் திங்கள், டிசம்பர் ஒன்று. ஐந்து பேரில் ஒருத்தியாக வரவில்லை என்றால் திங்கட்கிழமை காலை அந்த டேபிளில் போய் நின்று, எதிரே முப்பத்தெட்டாம் நம்பரைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு வேறொருவன் குனிந்து தோல் வெட்டுவதைப் பார்க்க வேண்டும். மெர்சிக்கு இதை நினைத்தால் பயம் வரவில்லை. ஆனால் அங்கே நிற்க முடியாது என்று மட்டும் தெரிந்திருந்தது.

முதல் இரண்டு மாதம் அடிப்படை. அப்புறம் ஜாங்கோ, வெப்சைட் கட்டுவதற்கான சாஃப்ட்வேர். வீட்டுக்கு அஸ்திவாரமும் சுவரும் ஏற்கெனவே போட்டுக் கையில் சாவியைக் கொடுத்த மாதிரி, அறை பிரிப்பது மட்டும் நம் பாடு என்று ஃபிர்தௌஸ் விளக்கினாள். கட்டளையைத் தட்டியதும் திரையில் ராக்கெட் படம் வந்தால் எல்லாம் சரியாக ஏறிவிட்டது என்று அர்த்தம். ராக்கெட் வந்த அன்றைக்கு வகுப்பே கைதட்டியது, சிலபேர் ராக்கெட்டோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். மெர்சிக்கும் வந்தது. பார்த்தாள். அடுத்து என்ன என்று கேட்டாள்.

மரத்துப்போன மனசு இந்தப் படிப்புக்கு ஒரு வகையில் வசதி. திரையில் சிவப்பு எழுத்தாகத் தப்பு கொட்டும்போது மற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஒருத்தி கண் கலங்கி எழுந்து பாத்ரூமுக்குப் போய்விடுவாள். மெர்சி கடைசி வரியிலிருந்து மேலே நிதானமாகப் படிப்பாள். எந்த வரியில் கமா விட்டோம், எங்கே இடம் தள்ளிப்போயிற்று என்று தேடுவாள். துண்டில் பூச்சிக்கடி தேடிய கண், அதே வேலையைச் செய்தது.

"அக்கா, உங்களுக்குப் பேஜாராவே இருக்காதா?" என்று ஃபிர்தௌஸ் ஒருநாள் கேட்டாள்.

"எதுக்கு மேடம்?" என்றாள் மெர்சி. அவள் கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியவில்லை.

ஒரே ஒரு தடவைதான் மாட்டிக்கொண்டாள். பட்டியலில் புதிதாகத் தேதிக்கு ஓர் இடம் சேர்த்தபோது, ஏற்கெனவே உள்ள பழைய வரிகளுக்கு அந்த இடத்தில் என்ன போடட்டும் என்று ஜாங்கோ கேட்டது. பதில் சொல், இல்லாவிட்டால் வெளியே போ என்றது. மெர்சி கோர்ஸில் கொடுத்திருந்த லேப்டாப்பை மூடிவிட்டு மூன்று நாள் திறக்கவில்லை. பழசுக்கு என்ன போடுவது என்று யாரைக் கேட்டால் தெரியும்? "காலியா இருந்தா பரவால்லன்னு மொதல்லயே சொல்லிடுங்கக்கா, அது கேக்காது" என்று ஃபிர்தௌஸ் சொல்லித் தீர்த்தாள்.

மெர்சி செய்த வெப்சைட் கட்டிங் ஹால் பற்றியது. வேறு எதுவும் அவளுக்குத் தெரியாது. யார் எத்தனை ஜோடி வெட்டினான், எத்தனை ரிஜெக்ட். "ஒவ்வொரு ஆளுக்கும் மாறாத அடையாளம் ஒண்ணு வேணும், அதை வெச்சுதான் எல்லாத்தையும் கோக்கணும்" என்றாள் ஃபிர்தௌஸ். மெர்சி யோசிக்கவே இல்லை. டோக்கன் நம்பர் என்று எழுதினாள். ஃபேக்டரிக்குள் காலே வைக்காத ஃபிர்தௌஸுக்கு அதில் தப்புத் தெரியவில்லை. சோதித்துப் பார்க்க மற்றவர்கள் ஏபிசி என்றும் டெஸ்ட் என்றும் பேர் அடித்தார்கள். மெர்சியின் விரல்கள் 38, ஆல்வின் என்று அடித்தன. உருகியெல்லாம் அடிக்கவில்லை. நம்பர் என்றால் அதுதான் வந்தது.

எண்களுக்கு மாமியார் உதவினாள், அதுவும் தெரியாமலே. செக்கிங் டேபிளில் தினமும் ஒரு தாள் எழுத வேண்டும். டோக்கன் நம்பர், ஜோடி, ரிஜெக்ட். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் கார்பன் பிரதியைக் குப்பையில் போடுவார்கள். சவுரியம்மாள் அதை மீன் கழுவ, அலமாரியில் விரிக்க என்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். கட்டிலுக்கடியில் ஜனவரியிலிருந்து ஒரு கட்டு இருந்தது. மெர்சி தினம் சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக ஏற்றினாள். கட்டம் காலியாக இருந்தால் பூஜ்யம். அடுத்த தாள். ஏற்றுகிறாள் என்று தெரிந்ததும் சவுரியம்மாள் தாளில் மீன் வைப்பதை நிறுத்தினாள். வாராவாரம் தேதி வரிசையாக அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு லேப்டாப் மேல் வைத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

ஜூலைக்கு அப்புறம் முப்பத்தெட்டை வெட்டியது கோபி. மெர்சிக்கு அது தெரியும். ஆனாலும் பேரை மாற்றவில்லை. மாற்றக்கூடாது என்று முடிவு எடுத்தாள் என்றெல்லாம் இல்லை, மாற்றவில்லை, அவ்வளவுதான். அதனால் அவளுடைய வெப்சைட்டில், கடைசியாக ஏற்றிய தாள் வரைக்கும் ஆல்வின் தோல் வெட்டிக்கொண்டிருந்தான்.

நவம்பர் நடுவில் ஒருநாள் சாப்பிடும்போது சவுரியம்மாள் சொன்னாள்.

"கண்ணு டெஸ்ட் பண்ணிட்டு வரச் சொல்றாரு சூப்பர்வைசர். கண்ணாடி மாத்தணுமாம். தையலுக்குப் போன துண்டுல வடு இருக்குதுன்னு ரெண்டு வாட்டி கூப்ட்டுப் பேசிட்டாரு."

"ம்" என்றாள் மெர்சி. ஐம்பத்து மூன்று வயதில் கண் மங்காமல் என்ன செய்யும். அத்தோடு விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை வந்தது. கம்பெனியிலிருந்து வந்தவர் உசாமா. முப்பத்தைந்து வயதிருக்கும். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் கம்பெனிகளுக்குச் சாஃப்ட்வேர் எழுதுகிறவர். ஏழாவதாக மெர்சியின் முறை. அவர் பக்கங்களைத் திறந்து திறந்து பார்த்தார்.

"இது நெஜ டேட்டாவா?"

"ஆமா சார்."

"நல்லாருக்கு. சரி, ஒரு கட்டர் வேலைய வுட்டுப் போய்ட்டாரு. அவர் எடத்துல புது ஆள் வந்துட்டாரு. இதுல இன்னா பண்ணுவீங்க? பண்ணிக் காட்டுங்க."

ஃபேக்டரியில் என்ன செய்வார்களோ அதையே மெர்சி செய்தாள். முப்பத்தெட்டைத் திறந்தாள். ஆல்வின் என்பதை அழித்தாள். கோபி என்று அடித்தாள். சேமித்தாள். ஐந்து மாதம் செய்யாததை, கேட்டவுடன் அரை நிமிஷத்தில் செய்துவிட்டாள்.

உசாமா ஒரு வரியைக் காட்டினார். "இந்தப் பன்னெண்டு ஜோடி மே மாசம் வெட்டுனது. யாரு வெட்டுனது?"

திரையில் கோபி என்று இருந்தது.

"கோபி எப்ப சேந்தாரு?"

"ஜூலை ஒண்ணு சார்."

"அப்ப மே மாசத்துல வெட்டுனது யாரு?"

"ஆல்வின்."

"அவர் பேரு எங்க இருக்குது?"

மெர்சி தேடினாள். தேடும் பெட்டியில் ஆல்வின் என்று அடித்தாள். ஒன்றும் இல்லை என்று வந்தது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச், எல்லாவற்றையும் கோபி வெட்டியிருந்தான். ஆறு வருஷம் அந்த மெஷினில் நின்றவன் அரை நிமிஷத்தில் எங்கேயும் இல்லை. அவள் இன்னொரு தடவை ஆல்வின் என்று அடித்துப் பார்த்தாள்.

"ஃபேக்டரில இப்படித்தான் சார். நம்பரு அடுத்த ஆளுக்குப் போய்டும்."

"தெரியும்மா. ஃபேக்டரிலேர்ந்து வர்றவங்க எல்லாரும் பண்ற தப்பு இது. நம்பர் வேற, ஆள் வேற. நம்பரை வாங்கி வேற ஆளுக்குக் குடுக்கலாம், அவர் வெட்டுனதை அப்படிக் குடுக்க முடியாது" என்றார் உசாமா. வாட்சைப் பார்த்தார். "ரெண்டு மணிக்கு உங்களுக்கு மறுபடி வர்றேன். அதுக்குள்ள சரி பண்ணிடுவீங்களா?"

சரி என்று பழக்கத்தில் தலையாட்டினாள். மணி பதினொன்றரை.

ஃபிர்தௌஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், கீபோர்டைத் தொடக்கூடாது என்பது விதி. மெர்சி ஆட்களுக்கென்று புதுப் பட்டியல் எழுதினாள். பேர், நம்பர், சேர்ந்த தேதி, விட்ட தேதி. வெட்டிய கணக்கில் ஒவ்வொரு வரியும் இனி நம்பரோடு அல்ல, ஆளோடு சேர வேண்டும். பழைய வரிகளுக்கு என்ன போடுவது என்று இந்தத் தடவை ஜாங்கோ கேட்கவில்லை. காலியாக இருக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். சாப்பாட்டு மணி அடித்தது. எழுந்திருக்கவில்லை. இரண்டு தடவை சிவப்பாகக் கொட்டியது. கடைசி வரியிலிருந்து படித்துச் சரிசெய்தாள்.

பிறகு ஆட்களை ஏற்ற வேண்டியிருந்தது. ஆல்வின். முப்பத்தெட்டு. சேர்ந்த தேதி தெரியும், அடித்தாள். விட்ட தேதியில் கோடு மின்னிக்கொண்டு நின்றது. இதுவரைக்கும் அந்தத் தேதியை அவள் எந்தத் தாளிலும் எழுதியதில்லை. ஆஸ்பத்திரியில், சர்ச்சில், பஞ்சாயத்து ஆபீசில் எல்லாம் மாமியார்தான் எழுதிக் கொடுத்தாள், இவள் கையெழுத்து மட்டும் போட்டாள். மெர்சி ஜூன் பதினான்கு என்று அடித்தாள். ஃபிர்தௌஸ் அதைப் பார்த்தாள், தண்ணீர் பாட்டிலைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். மெர்சி கோபியையும் மற்றவர்களையும் ஏற்றி, தேதியை வைத்துப் பழைய வரிகளை அவரவர் பேரில் சேர்த்தாள்.

இரண்டு மணிக்கு உசாமா வந்தார். மே மாத வரி ஒன்றைத் திறந்தார். ஆல்வின். ஆகஸ்டைத் திறந்தார். கோபி. தலையாட்டிக்கொண்டே மொத்தக் கணக்குப் பக்கத்துக்குப் போனவர் நின்றார்.

"இதென்ன? ஆல்வின், ஜனவரிலேர்ந்து ஜூன் வரைக்கும் முப்பத்தொரு ரிஜெக்ட். கோபி, ஜூலைலேர்ந்து இப்ப வரைக்கும் பூஜ்யம். புது ஆளு, அஞ்சு மாசம், ஒரு ரிஜெக்ட் கூடக் கெடையாதா? நீங்க எழுதுன கோட் எங்கியோ உதைக்குது."

காலையில் ஒரே நம்பராக இருந்தபோது இது தெரியவே இல்லை. பதினோரு மாதத்துக்கு முப்பத்தொன்று என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இரண்டு ஆளாகப் பிரித்ததும் பல்லிளித்தது. மெர்சி பையிலிருந்து தாள் கட்டை எடுத்தாள். ஜூலை ஒன்று. முப்பத்தேழு, இரண்டு. முப்பத்தொன்பது, ஒன்று. முப்பத்தெட்டுக்கு நேரே கட்டம் காலி. ஜூலை இரண்டு, காலி. அடுத்த தாள், காலி. செப்டம்பர், அக்டோபர், எல்லாம் காலி. இத்தனையையும் அவள்தான் தன் கையால் பூஜ்யம் பூஜ்யமாக ஏற்றியிருக்கிறாள். கண் பார்த்திருக்கிறது, அவள் பார்க்கவில்லை.

தாளில் இருந்தது சவுரியம்மாளின் கையெழுத்து. கல் மனசு என்று பேர் வாங்கியவள், ரசத்தோடு சேர்த்து அந்தச் செய்தியைப் பரிமாறியவள், ஜூலை ஒன்றாம் தேதி காலையிலிருந்தே முப்பத்தெட்டு குத்திய ஒரு துண்டைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை.

"கோட் சரிதான் சார்" என்றாள்.

"அதெப்படிச் சொல்றீங்க?"

"மூணு வருஷம் அந்த டேபிள்ல நின்னிருக்கேன். ஒரு ரிஜெக்ட் இல்லாம அஞ்சு மாசம் யாராலயும் வெட்ட முடியாது. செக் பண்றவங்க அந்த நம்பரை மட்டும் திருப்பி அனுப்பறதில்ல. பக்கத்து நம்பர்லல்லாம் சரியா போட்டிருக்காங்க, பாருங்க."

உசாமா தாள்களை வாங்கிப் பார்த்தார். "ஆமா. ஏன் அப்படி?"

"தெரியல சார்."

ஐந்து மாதத்தில் அவள் சொன்ன முதல் பொய் அதுதான். உசாமா தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். "இதைக் கண்டுபுடிக்கத்தாம்மா ஃபேக்டரிக்காரங்க எங்களைக் கூப்புடறாங்க" என்று சொல்லிவிட்டு எதையோ எழுதிக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார். ஐந்து மணிக்குப் பட்டியலைப் படித்தார்கள். மூன்றாவது பேர் மெர்சி. ஃபிர்தௌஸ் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மெர்சி சிரித்தாள், பஸ் ஏறினாள். பள்ளிகொண்டா தாண்டும் வரைக்கும் மடியில் அந்தத் தாள் கட்டை வைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் சவுரியம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எடுத்துட்டாங்க அத்தே. அடுத்த வாரத்துலேர்ந்து வேலூர்ல வேலை."

"நல்லது. ஆண்டவர் கண்ணத் தொறந்தாரு" என்றாள், குரலில் ஏற்றம் இறக்கம் இல்லாமல். "நான் நாளைக்குப் பூசை முடிஞ்சி கண்ணு டெஸ்ட்டுக்குப் போறேன்."

மெர்சி எதிரே தரையில் உட்கார்ந்தாள். "உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்ல அத்தே."

சவுரியம்மாள் கீரையை உருவிக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தேழுல கடுகு அளவு வடுவ புட்ச்சிருக்கீங்க. முப்பத்தெட்டுல அஞ்சு மாசமா ஒண்ணு கூடப் போடல. நான் இன்னைக்குத்தான் பாத்தேன்."

கை நின்றது. ஆய்ந்த கீரையும் காம்பும் ஒன்றாக மடியில் கிடந்தன. சவுரியம்மாள் கீரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"அன்னைக்கு நீ ஜொரம்னு வரல. சாயங்காலம் பெல் அடிக்கற நேரம். அவன்து ரெண்டு துண்டு. ஒரு மயிரு அளவுக்குக் கீறல். வுட்ருந்தா யாருக்கும் தெரியாது. நான் திருப்பிட்டேன். 'வுடும்மா, நாளைக்கு வெட்டறேன், மெர்சிக்கு மாத்திரை வாங்கணும்'னான். சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்னு சொல்லிட்டு நான் பஸ் ஏறிட்டேன். அரை மணி நேரம் ஜாஸ்தி நின்னு வெட்டிக் குட்த்துட்டு வண்டிய எடுத்தான்."

மெர்சிக்கு இது தெரியாது. யாருக்கும் தெரியாது.

"அந்த நம்பரைப் பாத்தா கை திருப்ப மாட்டேங்குது மெர்சி. அது வேற ஆளுன்னு தெரியும். ஆனாலும் வீட்டுக்குப் போவட்டும், சீக்கிரம் போவட்டும்னு தோணுது."

மெர்சி லேப்டாப்பைத் திறந்தாள். ஆட்கள் பட்டியலில் ஒரு வரியைக் காட்டினாள். சவுரியம்மாள் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். ஆல்வின், முப்பத்தெட்டு, சேர்ந்த தேதி, விட்ட தேதி.

"இது அழிஞ்சிடாதா?"

"அழியாது அத்தே. நம்பரை யாருக்குக் குட்த்தாலும் அவரு வெட்டுனது அவரு பேர்லதான் இருக்கும்."

"அந்த முப்பத்தொண்ணுமா?"

"அதுவும்தான்."

சவுரியம்மாள் தலையாட்டினாள். கீரையை மடியிலிருந்து அள்ளி முறத்தில் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆய ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ் வந்தது, சவுரியம்மாள் இறங்கவில்லை. மெர்சி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தாள், எடுக்கவில்லை. ஆறே கால். ஆறே முக்கால். செருப்பைப் போட்டுக்கொண்டு முனைக்கு ஓடினாள். பஸ்ஸில் வந்த பெண்களைப் பிடித்துக் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. ஹைவேயில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் கடந்து போனதும் ரோட்டில் யாராவது கிடக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். பயம். ஐந்து மாதமாக எங்கேயோ போயிருந்த எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி வந்து அவளை உலுக்கியது. மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஏழே காலுக்கு டவுன் பஸ்ஸிலிருந்து சவுரியம்மாள் இறங்கினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெதுவாக ரோட்டைத் தாண்டி வந்தாள்.

"எங்க போய்ட்டீங்க அத்தே? போன் எடுத்தா இன்னா?" என்று மெர்சி கத்தினாள். அப்படி அவள் கத்தித் தெருவில் யாரும் கேட்டதில்லை.

சவுரியம்மாள் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் கொடுத்தாள். அன்றைய கார்பன் பிரதி. முப்பத்தெட்டுக்கு நேரே நான்கு என்று எழுதியிருந்தது.

"திருப்பிட்டேன். மூஞ்ச தூக்கி வெச்சிக்கினான் கோபி. பெல் அடிச்சி மத்தவங்கல்லாம் போய்ட்டாங்க. அவன் வெட்டி முடிக்கற வரைக்கும் நானும் பக்கத்துல நின்னேன். ஹெல்மெட்டப் போட வெச்சி, வண்டி கேட்டைத் தாண்டற வரைக்கும் பாத்துட்டு வர்றேன். கம்பெனி பஸ்ஸ வுட்டுட்டேன்."

மெர்சி அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு, நடுத்தெருவில், மாமியாரின் தோளில் விழுந்து அழுதாள். தெரு முழுக்க வாசலுக்கு வந்து பார்த்தது. சவுரியம்மாள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள், அப்புறம் அவளும் அழுதாள்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு மெர்சி லேப்டாப்பைத் திறந்தாள். டிசம்பர் ஒன்று, முப்பத்தெட்டு, நான்கு ரிஜெக்ட். ஆள் என்ற இடத்தில் கோபி என்று அடித்து, ஒரு தடவை சரிபார்த்துவிட்டுச் சேமித்தாள்.